காய்கறி நிறைய சாப்பிடுங்கன்னாங்க, எந்தக் காய்னு யாரும் சொல்லல

மூணு மாச சுகர் டெஸ்ட்னு சொல்லுவாங்களே, ஹெச்பிஏ1சி, அதுல எனக்கு 6.2 வந்துச்சு. 5.7ல இருந்து 6.4 வரைக்கும் இருந்தா ப்ரீடயபடிஸ், 6.5 தொட்டாச்சுன்னா டயபடிஸ். டாக்டர் ரிப்போர்ட்டை ஒரு பார்வை பார்த்துட்டு "மாவுச்சத்தைக் குறைங்க, காய்கறி நிறைய சேத்துக்கோங்க, வெயிட்டும் கொஞ்சம் இறங்கணும், மூணு மாசம் கழிச்சு வாங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. அவர் சொன்னதுல தப்பே இல்ல. ஆனா எந்தக் காய், எவ்வளவு, எப்படி சமைச்சதுன்னு ஒண்ணும் கிடையாது. நான் தனியா இருக்கிற ஆளு, சமைக்கிறதும் நான்தான், சாப்பிடறதும் நான்தான், பக்கத்துல உக்காந்து இது சரி இது வேணாம்னு சொல்ல யாரும் இல்ல. அந்த ஒரு வரியை மட்டும் கையில வச்சுக்கிட்டு அரை வருஷத்துக்கும் மேல ஓட்டினேன். அதுக்குள்ள ஜூஸ் மெஷின், யாரோ வித்த டயட் பிளான், திரும்பத் திரும்ப எடுத்த ரத்தப் பரிசோதனைன்னு போன காசைக் கூட்டினா ஒரு மாச வாடகைக்கு மேலயே வரும். அதனாலதான் இதை எழுதுறேன், இதே ஒரு வரியை வாங்கிட்டு வீட்டுக்குப் போறவங்க நிறைய பேர் இருப்பீங்க.

முதல் மூணு மாசம் ராத்திரி சாப்பாடு ஒரு பெரிய கிண்ணம் காய்கறி மட்டும்தான். சர்க்கரைவள்ளிக்கிழங்கு, ஸ்வீட் கார்ன், பச்சைப் பட்டாணி, பீட்ரூட், கேரட், மேல கொஞ்சம் எண்ணெய், உப்பு, மிளகு. கலர் கலரா பாக்கவே ஆரோக்கியமா இருக்கும், அந்த டயட் பிளான்லயும் கிட்டத்தட்ட இதேதான் போட்டிருந்துச்சு. காலைல கேரட் பீட்ரூட் ஜூஸ். சோறும் இல்ல ரொட்டியும் இல்ல, எவ்வளவு கட்டுப்பாடா இருக்கோம்னு ஒரு பெருமை வேற. மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்தா 6.3. வெயிட்டு அரை கிலோ கூட இறங்கல. அன்னைக்கு ரிப்போர்ட்டை வாங்கிட்டு வெளில வந்து வண்டி ஸ்டாண்ட்லயே ரொம்ப நேரம் நின்னுட்டு இருந்தேன், கோவமா அழுகையான்னு தெரியல. நமக்கு உடம்பே இப்படித்தான் போலன்னு ஒரு நெனப்பு வந்துச்சு பாருங்க, அதுதான் மோசம், அந்த நெனப்புலதான் பாதிப் பேரு விட்டுடறாங்க.

அப்புறம் ஒரு சமையல் தராசு வாங்கினேன். இந்த மொத்தக் கதையிலயும் உருப்படியா செலவு பண்ணது அது ஒண்ணுதான். அதே கிண்ணத்தை ஒவ்வொண்ணா நிறுத்து கணக்குப் போட்டேன். சர்க்கரைவள்ளி 100 கிராம்ல 20 கிராம் கார்ப் (கார்போஹைட்ரேட், அதாவது மாவுச்சத்து, சர்க்கரை வகை) இருக்கு, நான் போட்டது 200 கிராம், ஆக 40. மத்ததெல்லாம் நூறு நூறு கிராம் போட்டேன். ஸ்வீட் கார்ன் 100 கிராமுக்கு 19. பட்டாணிக்கு 14. பீட்ரூட், கேரட் ரெண்டும் பச்சையா ஆளுக்குப் பத்து கிராம் கிட்ட. கூட்டினா 93 கிராம் கார்ப்! ரெண்டு கப் வெந்த சோத்துல 90 தான் வரும். அதாவது நான் சோத்தை நிறுத்தவே இல்ல, கலரை மாத்தி சாப்பிட்டுட்டு இருந்திருக்கேன். நியாயமா சொல்லணும்னா அந்தக் கிண்ணத்துல நார்ச்சத்து இருபது கிராம் பக்கத்துல இருக்கு, வைட்டமின் இருக்கு, அந்த வகைல சோத்தை விட எவ்வளவோ மேல். ஆனா எனக்குத் தேவைப்பட்டது கார்ப் குறையறது, அது குறையல.

இங்கதான் ஒரு விஷயத்தை மண்டைல ஏத்திக்கணும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குக் குறைஞ்சது 400 கிராம் பழமும் காய்கறியும் சாப்பிடுங்கன்னு சொல்லுது இல்ல, அந்த 400ல உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, மரவள்ளி மாதிரி கிழங்குங்க சேத்தியே இல்லன்னு அங்கேயே சொல்லியிருக்காங்க. அவங்க கணக்குல அதெல்லாம் தானியத்தோட பக்கத்து வீடு. நாம மார்க்கெட்ல எல்லாத்தையும் ஒரே பைல போட்டு வாங்குறதால ஒரே ஜாதின்னு நெனச்சுக்கறோம். உருளைல 100 கிராமுக்கு 17 கிராம் கார்ப், 77 கலோரி. மரவள்ளில 38 கிராம், 160 கலோரி. இன்னொரு பக்கம் பாருங்க, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கத்திரிக்காய் எல்லாம் 25 கலோரி, கார்ப் 5ல இருந்து 6. பசலைக்கீரை 23 கலோரி, கார்ப் மூணரை, அதுலயும் ரெண்டு கிராமுக்கு மேல வெறும் நார்ச்சத்து. தக்காளி 18 கலோரி, முள்ளங்கி 16, வெள்ளரி 15. வெண்டைக்காய், பீன்ஸ் ரெண்டும் 30 சொச்சம், கார்ப் ஏழு, நார்ச்சத்து மூணு பக்கம். இத்தனையும் காய்கறிதான், ஆனா மரவள்ளிக்கும் வெள்ளரிக்கும் நடுவுல பத்து மடங்கு இடைவெளி இருக்கு.

மண்ணுக்குக் கீழ விளையறது எல்லாம் வேணாம், மேல விளையறது எல்லாம் ஓகேன்னு ஒரு சுலபமான ரூல் சொல்லுவாங்க, கேட்டிருப்பீங்க. அவசரத்துக்கு உதவும், ஆனா அதை நம்பி கண்ணை மூடிட்டுப் போனா ரெண்டு பக்கமும் அடி வாங்கலாம். முள்ளங்கி, டர்னிப் ரெண்டும் மண்ணுக்குள்ளதான் இருக்கு, கார்ப் ரொம்பக் கம்மி. பட்டாணி, சோளம், வாழைக்காய் மண்ணுக்கு மேலதான், வாழைக்காய்ல 100 கிராமுக்கு 30 கிராமைத் தாண்டுது. நான் இப்போ பாக்கறது வேற, இந்தச் செடி அந்தப் பகுதில எதையாவது சேமிச்சு வைக்குதான்னு. விதையும் கிழங்கும் அடுத்த தலைமுறைக்கான சேமிப்பு, அதுல மாவு இருக்கும். இலை, தண்டு, பூ, முத்தாத பிஞ்சுக்காய், இதுலல்லாம் சேமிப்பு கம்மி, தண்ணிதான் ஜாஸ்தி. பீன்ஸைப் பிஞ்சா சாப்பிட்டா ஒரு கணக்கு, அதே முத்தி உள்ள விதை காய்ஞ்சு பயறு ஆயிடுச்சுன்னா வேற கணக்கு. இதுவும் நூத்துக்கு நூறு சரியா வராது, ஆனா முதல் ரூலை விட நல்லா வேலை செய்யுது.

சரி, கணக்கு தெரிஞ்சுடுச்சு, இனி பிரச்சனை இல்லன்னு நெனச்சேன். அங்க ஆரம்பிச்சது ரெண்டாவது கூத்து. பயத்துல வெள்ளரி, லெட்யூஸ், தக்காளி, காலிஃபிளவர், கீரைன்னு மட்டும் சாப்பிட ஆரம்பிச்சேன், வேற எதுவும் இல்ல. மத்தியானம் மூணு மணிக்குக் கை நடுங்கும், ராத்திரி தூக்கம் வராது, வேலைல ஒரு மெயிலை நாலு தடவை படிப்பேன். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, வெள்ளரில இருந்து 400 கலோரி வேணும்னா ரெண்டரை கிலோவுக்கு மேல திங்கணும், மாடு கூட யோசிக்கும். இந்தக் காய்ங்க தட்டை நெறைக்கும், வயித்தையும் கொஞ்ச நேரம் நெறைக்கும், ஆனா உடம்பு ஓடறதுக்கு இது மட்டும் பத்தாது. புரதம் வேணும், கொஞ்சம் கொழுப்பு வேணும். இதோட இன்னொரு தொல்லை, நார்ச்சத்தைத் திடீர்னு ஏத்தினதால வயிறு உப்பி, காத்து பிரிஞ்சு, ஆபீஸ்ல உக்கார முடியாத நெலமை. முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் ஒரே நாள்ல ரெண்டு வேளை போட்டா கேக்கவே வேணாம். புதுசா ஆரம்பிக்கிறவங்க வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, தண்ணி நல்லா குடிங்க, இதை யாராவது எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு வாரம் மானம் தப்பிச்சிருக்கும்.

பசி தாங்காம அடுத்தது அவகாடோ, தேங்காய், சீஸ், நெறைய எண்ணெய்ல வதக்கின காய்னு மாறினேன். கார்ப் கம்மிதானே, தப்பில்லன்னு. சுகர் கொஞ்சம் இறங்குச்சு, உண்மை. வெயிட்டு ஏறுச்சு. ஏன்னா கார்ப் ஒரு கணக்கு, கலோரி இன்னொரு கணக்கு, ரெண்டும் எப்பவும் சேர்ந்தே போகாது. அவகாடோல 100 கிராமுக்கு எட்டரை கிராம் கார்ப்தான், அதுலயும் முக்கால்வாசி நார்ச்சத்து, ஆனா கலோரி 160, உருளையை விட ரெண்டு மடங்கு! தேங்காய் 350க்கு மேல. கார்ப் ஒரு கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு ஒரு கிராமுக்கு 9. ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் ஊத்தினா 120 கலோரி உள்ள போகுது. கத்திரிக்காய் 25 கலோரின்னு சந்தோஷமா வாங்கிட்டு வந்து, அது ஸ்பாஞ்ச் மாதிரி எண்ணெயைக் குடிக்கக் குடிக்க இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு ஊத்தினா அந்த 25க்கு என்ன அர்த்தம் இருக்கு சொல்லுங்க. அதுக்காக எண்ணெயே கூடாதுன்னும் இல்ல, கீரைலயும் கேரட்லயும் இருக்கிற சத்துல சிலது கொழுப்போட போனாத்தான் உடம்புல ஒழுங்கா சேரும். நான் பண்றது, பாட்டில்ல இருந்து நேரா ஊத்தறதை விட்டுட்டேன், ஸ்பூன்ல அளந்துதான். கத்திரிக்காயை முதல்ல ஆவில அரைவேக்காடு வேக வச்சுட்டு அப்புறம் வதக்கினா எண்ணெய் பாதிதான் பிடிக்குது.

நடுவுல கேரட் கதையைச் சொல்லியே ஆகணும். தராசு வந்த புதுசுல கேரட் பக்கமே போகாம இருந்தேன், காரணம் கிளைசெமிக் இண்டெக்ஸ், அதாவது ஒரு பொருள் ரத்தத்துல சுகரை எவ்வளவு ஏத்துதுன்னு குளுக்கோஸோட ஒப்பிட்டுப் போடற நம்பர். 1981ல டொரண்டோ யுனிவர்சிட்டில டேவிட் ஜென்கின்ஸும் அவர் கூட இருந்தவங்களும் போட்ட முதல் பட்டியல்ல கேரட்டுக்கு 90க்கு மேல போட்டிருந்தாங்க, கிட்டத்தட்ட குளுக்கோஸ் ரேஞ்சு. பின்னாடி திரும்ப டெஸ்ட் பண்ணப்போ அதுல பாதிக்கும் கீழதான் வந்துச்சு, ஆனா பழைய நம்பர் இன்னும் சுத்திட்டேதான் இருக்கு. அதை விட முக்கியமா, அந்த டெஸ்ட்டை எப்படி எடுக்கறாங்கன்னு பாருங்க, பொதுவா நார்ச்சத்தைக் கழிச்சு 50 கிராம் கார்ப் வர்ற அளவுக்கு அந்தப் பொருளைக் குடுப்பாங்க. கேரட்ல அந்த அளவு வேணும்னா முக்கால் கிலோ கிட்ட சாப்பிடணும். யாருங்க ஒரே வேளைல முக்கால் கிலோ கேரட் திங்கறாங்க? அதனால எவ்வளவு சாப்பிடறோம்ங்கறதையும் சேத்துப் பாக்கற கிளைசெமிக் லோடுதான் நமக்கு உபயோகம், அந்தக் கணக்குல ஒரு கேரட், ஒரு துண்டு பரங்கி எல்லாம் ஒண்ணும் பண்ணாது. ஆனா ஜூஸ் வேற விஷயம். அந்த முக்கால் கிலோவை மென்னு திங்க முடியாது, பிழிஞ்சா குடிச்சிடலாம்! ஒரு கப் கேரட் ஜூஸ்ல 22 கிராம் கார்ப், நார்ச்சத்து ரெண்டு கிராம் கூட இல்ல. காலைல வெறும் வயித்துல நான் குடிச்சது பெரிய டம்ளர், கூட பீட்ரூட் வேற. மெஷினை வித்துட்டேன், பாதி விலை கூட வரல.

ஆப்ல கணக்குப் போடறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஐரோப்பா பக்கத்து லேபிள்ல கார்ப்னு போட்டா நார்ச்சத்தைக் கழிச்சது, அமெரிக்க லேபிள்ல போட்டா நார்ச்சத்தும் சேர்ந்தது. ஆப்ல ரெண்டும் கலந்து கெடக்கும். ஏற்கனவே கழிச்ச நம்பர்ல இருந்து நாம இன்னொரு தடவை கழிச்சோம்னா கார்ப் ரொம்பக் கம்மின்னு காட்டும், சந்தோஷமா இன்னொரு கரண்டி போட்டுக்குவோம். அதே மாதிரி எடை பச்சைக் காய்க்கா வெந்ததுக்கான்னு பாக்கணும். பசலைக்கீரைல பத்துல ஒம்போது பங்கு தண்ணி, ஒரு பெரிய கட்டு வதங்கினா ஒரு கைப்பிடிதான் வரும். உருளையை வேக வச்சா கணக்கு பெருசா மாறாது, பொரிச்சா அடியோட மாறிடும், 77 இருந்தது ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் ஆனா 300க்கு மேல, சிப்ஸ் ஆனா 500க்கு மேல, தண்ணி வெளில போயி எண்ணெய் உள்ள வந்துடுது.

வெளில சாப்பிடறப்போ காயை விட அதுக்கு மேல ஊத்தறதுதான் ஆபத்து. கெட்டியா பளபளன்னு இருக்கிற கிரேவின்னா பெரும்பாலும் சோளமாவும் சர்க்கரையும்தான். தக்காளி கெச்சப் 100 கிராம்ல 27 கிராம் கார்ப் வரை இருக்கும், வெறும் தக்காளில நாலு கூட இல்ல. சாலட் ட்ரெஸ்ஸிங்கைத் தனியா குடுங்கன்னு கேளுங்க, கூச்சப்படாதீங்க. ஃப்ரோசன் காய்கறியை மட்டமா நெனைக்க வேணாம், வெறும் காய் மட்டும் இருக்கிற பாக்கெட்டா பாத்து வாங்குங்க, சாஸோட வர்றது வேணாம். வேலை முடிச்சு வந்து காய் நறுக்கத் தெம்பு இல்லாத நாளுக்கு என்னைக் காப்பாத்தினது ஃப்ரோசன் பீன்ஸும் காலிஃபிளவரும்தான்.

கடைசியா நிலைச்சது என்னன்னா, தட்டுல பாதி மாவு இல்லாத காய், கால்வாசி புரதம், கால்வாசி மாவு. டயபடிஸ் உள்ளவங்களுக்கு அமெரிக்க டயபடிஸ் அசோசியேஷன் சொல்ற தட்டு முறை இதுதான், ஒம்போது இஞ்ச் தட்டு, பெரிய தட்டு எடுத்துட்டு பாதின்னு சொல்லக் கூடாது. உருளையோ சோளமோ பட்டாணியோ சாப்பிடணும்னா அந்தக் கால்வாசி இடத்துல, சோத்துக்கோ ரொட்டிக்கோ பதிலா. கூடவே இல்ல. இந்த ஒரு மாத்தத்துக்கு அப்புறம் தராசை வெளில எடுக்கிறதே குறைஞ்சு போச்சு. காலிஃபிளவரைத் துருவி சோறு மாதிரி பண்ணுவாங்களே, அதை முழுசா சாப்பிட எனக்குப் பிடிக்கல, ஆனா பாதிக்குப் பாதி சோத்தோட கலந்தா தெரியவே தெரியாது. காயை முதல்ல சாப்பிட்டுட்டு மாவை அப்புறம் தொட்டா சாப்பாட்டுக்கு அப்புறம் ஏர்ற சுகர் குறையுதுன்னு ஆய்வுகள்ல வந்திருக்கு, எனக்கும் வேலை செஞ்சுது. எப்படித் தெரியும்னா ஒரு குளுக்கோமீட்டர் வாங்கி சாப்பிடறதுக்கு முன்னாடி ஒண்ணு, முதல் வாய் வச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒண்ணுன்னு பாத்தேன். அந்தக் கலர் கிண்ணத்தை ஒரு நாள் வேணும்னே மறுபடி பண்ணி சாப்பிட்டு பாத்தப்போ 170ஐத் தாண்டுச்சு, இப்போ சாப்பிடற தட்டுக்கு 130 கிட்ட. இது என் உடம்பு, உங்களுக்கு வேற வரும், அதனாலதான் நீங்களே பாக்கணும்னு சொல்றேன். அடுத்த ஹெச்பிஏ1சி 5.8. வெயிட்டு நாலு கிலோ போல இறங்குச்சு.

மாத்திரை, இன்சுலின்ல இருக்கிறவங்க இதைப் படிச்சுட்டு நாளைக்கே கார்பை வெட்டிடாதீங்க. டோஸை மாத்தாம கார்பை மட்டும் குறைச்சா சுகர் 70க்குக் கீழ போயி மயக்கம் வரலாம், எனக்குத் தெரிஞ்சவரு ஒருத்தரு இப்படித்தான் பாத்ரூம்ல விழுந்தாரு. டாக்டர்கிட்ட சொல்லிட்டு ஆரம்பிங்க. கிட்னி பிரச்சனை இருக்கிறவங்களுக்குப் பொட்டாசியம் கணக்கு இருக்கும், கீரையும் தக்காளியும் இஷ்டத்துக்குப் போட முடியாது. கிட்னில கல்லு வந்த ஆளுங்க பசலை, பீட்ரூட்ல ஜாக்கிரதையா இருக்கணும், அந்தக் கல்லை உருவாக்கற ஆக்சலேட் அதுல ஜாஸ்தி. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடறவங்க கீரையைத் திடீர்னு கூட்டவும் கூடாது, நிறுத்தவும் கூடாது, வைட்டமின் கே அந்த மருந்தோட மோதும்.

உருளையை விட்டுட்டியான்னு எல்லாரும் கேக்கறாங்க. இல்லங்க. சின்ன உருளை ஒண்ணு, தோலோட வேக வச்சு, ஃப்ரிட்ஜ்ல ஆற வச்சு சாப்பிடறேன். ஆறினா அதுல கொஞ்சம் மாவு சீக்கிரம் செரிக்காத மாவா மாறுது, ஆனா கொஞ்சம்தான், அதை நம்பி ரெண்டாவது உருளையை எடுக்கக் கூடாது. சர்க்கரைவள்ளி இன்னும் வாங்கறேன், வாரத்துல ஒரு நாள், உள்ளங்கை அளவு. ஸ்வீட் கார்ன் மட்டும் சுத்தமா நிறுத்திட்டேன், அது கெட்டதுன்னு இல்ல, எனக்கு ஒரு கைப்பிடியோட நிறுத்த வரல.